ஒரே ஒரு ஐஸ் தட்டு

தொட்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வெப்பமானி இருபத்துநான்கு காட்டுகிறது. இதைப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். பார்த்தால் குறையப்போவதில்லை, பார்க்காவிட்டால் ஏறாமல் இருக்கப்போவதும் இல்லை. ஆனாலும் பார்க்கிறேன். காலையில் என் மகள் ஆதிரையும் அவள் அம்மா புனிதாவும் கோர்ட்டுக்குக் கிளம்பும்போது பதினெட்டில் இருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் ஏறிய ஆட்டோ தெருமுனை திரும்பியிருக்காது, மின்சாரம் போய்விட்டது. பராமரிப்புப் பணி, காலையிலிருந்து வேலை முடியும்வரை மின்தடை என்று நேற்றே பேப்பரில் வந்திருந்தது. படித்தது நான்தான். இந்த வீட்டில் பேப்பர் படிக்கிறவன் நான் ஒருவன். கங்கையம்மன் கோயில் தெரு என்று போட்டிருந்தது. நாங்கள் இருப்பது கங்கையம்மன் கோயில் தெரு விரிவு. நேற்று சாயங்காலம் ஆதிரை தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீசரில் அடுக்க வந்தபோது தடுத்தேன். விரிவு என்றால் அது தனிப் பதிவு, வேண்டுமென்றால் தனியாகப் போட்டிருப்பான், போடவில்லை, ஆகவே நமக்கு இல்லை. "உறுதியா சொல்றீங்களாப்பா?" என்றாள். "நம்ம தெரு அதுல வராதும்மா." கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போட்டே தலை நரைத்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பாள். பாட்டில்களைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டாள். அவள் நம்பிவிட்டாள் என்பதுதான் இப்போது எரிச்சலாக இருக்கிறது. என் பேச்சை நம்புவதை நிறுத்தி அவளுக்கு ஒரு வருடம் ஆகிறது. மறுபடி ஆரம்பிக்க இந்த ஒரு விஷயம்தானா கிடைத்தது. தொட்டிக்குள் சேமியா அசையாமல் கிடக்கிறது. சேமியா ஒரு சாலமாண்டர். ஆக்சலாட்டில் என்கிற வகை. பல்லி மாதிரி உடம்பு, ஆனால் தவளைக்குச் சொந்தம், தண்ணீரைவிட்டு வராது. வெளிறிய ரோஸ் நிறம். தலையின் இருபுறமும் சிவந்த செவுள்கள் ஒரு பிடி சேமியாவைப் போல விரிந்து நிற்கும், அதனால் அந்தப் பெயர். குளிர்ந்த ஏரியில் பிறக்க வேண்டியது. வால் நுனி வளைந்தால் அதற்கு முடியவில்லை என்று அர்த்தம், செவுள்கள் முன்பக்கமாக மடங்கினால் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம், இருபத்தாறைத் தாண்டி மணிக்கணக்கில் நின்றால் போய்விடும் என்று ஆதிரை சொல்லிவைத்திருக்கிறாள். வால் நுனி வளைந்திருக்கிறதா, அது எப்போதுமே அப்படித்தானா என்று தெரியவில்லை. நன்றாக இருந்தபோது நான் அதன் வாலைப் பார்த்ததில்லை.

செய்யவேண்டியதைச் செய்யாமல் இருக்கவில்லை. மேசை விசிறியை இன்வெர்டரில் போட்டுத் தண்ணீரின் மேல் திருப்பிவைத்திருக்கிறேன். ஜன்னல் திரை, அதன்மேல் போர்வை. நான் மூச்சுவிடுவதுகூட அறையைச் சூடாக்குகிறது என்று தோன்றி வெளியே போய் நின்றேன், பிறகு விசிறி நின்றுவிட்டால் என்று உள்ளே வந்தேன். எங்கள் ஃப்ரிட்ஜ் ஒற்றைக் கதவு. ஃப்ரீசரில் இரண்டு தட்டு. ஒன்றில் ஐஸ். இன்னொன்றில் இஞ்சி பூண்டு விழுது. தினம் அரைக்கிற வேலை மிச்சம் என்று யூட்யூபில் எவளோ சொன்னாள், புனிதா அதை அரைத்து ஐஸ்தட்டில் ஊற்றிக் கட்டி கட்டியாக உறையவைத்திருக்கிறாள். ஆக, ஒரு தட்டு ஐஸ். மின்சாரம் இல்லாமல் லிஃப்ட் ஓடாது. நான்கு மாடி. முழங்காலில் போனவருடம் வைத்த உலோகம் இறங்குவதற்குச் சம்மதிக்கும், ஏறுவதற்குச் சம்மதிக்காது. வாட்ச்மேன் லாசருக்குப் போன் செய்தேன். "லாசர், கொஞ்சம் ஐஸ் வாங்கிட்டு வர முடியுமா?" "ஐஸா சார்? எதுக்கு?" என்ன சொல்வது. "மீனுக்குப்பா." "மீனா? நீங்க சைவமாச்சே சார்." "சாப்பிட இல்ல. உயிரோட இருக்கற மீனு." "உயிரோட இருக்கற மீனுக்கு எதுக்கு சார் ஐஸு?" என்றான். நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குள், மோட்டார் பார்க்க ஆள் வருகிறான், செக்ரட்டரி கேட்டைவிட்டு நகரக்கூடாது என்றிருக்கிறார், அப்புறம் பார்க்கிறேன் சார் என்று வைத்துவிட்டான். அண்ணாச்சி கடைக்குப் போன் செய்தேன். "ஐஸ் கட்டிக்கு எங்க போக சார், இருக்கற ஐஸ்கிரீமே உருகுது. பாதி விலைக்குத் தாரேன், எடுத்துக்கிடுங்களேன்." ஆப்பில் எதுவானாலும் பத்து நிமிஷத்தில் வரும் என்பார்கள். வரும்தான். அதற்கு ரகசிய எண் புனிதாவின் போனுக்குப் போகும். புனிதாவின் போன் கோர்ட்டில் அவள் கைப்பையில் அணைந்துகிடக்கிறது. நடுப்பகலில், இத்தனை பெரிய ஊரில், ஒரு மனிதனால் ஒரு வாளி ஐஸ் வாங்க முடியவில்லை. எதிர்க் கட்டிடத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது. அங்கே யாரோ ஏசியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்தோடு வரும் டீசல் வாடை மட்டும் எங்களுக்கு.

அந்த ஒரு தட்டையும் நான் பாதியாகப் பிரித்தேன். பாதி, கழுவிக் காயவைத்த பால் கவரில் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கி, தொட்டியில் மிதக்கவிட்டேன். நேராகப் போடக்கூடாது, குழாய்த் தண்ணீரின் குளோரின் அதற்கு ஆகாது. பால் கவர்களைப் புனிதா கழுவி சிங்க்குக்கு அடியில் அடுக்கி வைப்பதை நான் எத்தனை கிண்டல் செய்திருக்கிறேன். மீதிப் பாதி பால்கனியில் இருக்கும் அவளுடைய செடிக்கு. இரண்டு வருடத்துக்கு முன் கோத்தகிரிக்குப் போனபோது விடுதி வேலியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு வந்தாள், ஈரத்துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு. அங்கே அதை மணிப்பூ என்றார்கள். ஊமத்தைக்கு உறவு, ஆனால் மரமாக வளரும், முழ நீளப் பூ தலைகீழாகத் தொங்கும். சாயங்காலம் வாசனை வரும், எல்லாப் பாகமும் விஷம். குளிர்ப் பிரதேசத்துச் செடி சென்னையில் வராது என்று நர்சரிக்காரன் சொன்னான், நானும் சொன்னேன். இந்த மே மாதத்தில், எல்லாரும் கருகிக்கொண்டிருக்கும்போது, அது ஒரே ஒரு மொட்டு விட்டிருக்கிறது. மடித்துவைத்த குடை மாதிரி பச்சையாக, நுனியில் மட்டும் மஞ்சள் தெரிய. பகலில் அதை ஏசி அறைக்குள் வைக்க வேண்டும் என்றாள் புனிதா. விஷச் செடியைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கமுடியாது, ஒரு இலை விழுந்தால் போதும் என்றாள் ஆதிரை. "என் செடி உன் பல்லிக்கு என்னடி பண்ணுச்சு?" "அது பல்லி இல்லம்மா." "ரெண்டு வருஷமா வளக்கறேன்." "நான் மூணு வருஷமா." இரண்டுபேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வழக்கம்போல, இருவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது என்றேன். முடிவு, செடிக்குக் காலையில் தொட்டிமண்ணின் மேல் மூன்று ஐஸ் கட்டி என்று ஆனது. இன்று புனிதா கிளம்பும் அவசரத்தில் மறந்துவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டே, "என்னங்க, செடிக்கு ஐஸ் வைங்க" என்றாள். பின்னாலேயே ஆதிரை, "அப்பா, சேமியாவைப் பாத்துக்குங்க" என்றாள். இருவருக்கும் சேர்த்து ஒரே தலையாட்டல்.

எது முக்கியம் என்று யோசித்துப் பார்த்தேன், எனக்குத் தெரிந்த ஒரே முறையில். வகைப்பாடு, முதலில். இரண்டுக்கும் செல் உண்டு, செல்லுக்குள் கரு உண்டு. அதோடு சரி. அடுத்த படியிலேயே ஒன்று தாவரத்துக்குப் போகிறது, மற்றது விலங்குக்கு. பிறகு எங்கும் சந்திப்பதில்லை. ஒன்று பூக்கும் தாவரம், விதையில் இரண்டு இலை, கத்திரிக்காய்க் குடும்பம். தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை எல்லாம் பங்காளிகள். மற்றது முதுகெலும்பி, நீர்நில வாழ்வன, அதில் வால் உள்ள பிரிவு. நூலக எண் செடிக்கு 583, சேமியாவுக்கு 597.8. கேட்டால் தூரம் மாதிரி இருக்கும். எங்கள் கல்லூரியில் இரண்டும் ஒரே அலமாரி, ஏனென்றால் நடுவில் வரவேண்டிய நத்தைக்கும் நண்டுக்கும் யாரும் புத்தகம் வாங்கவில்லை. ஒரு பூப்புத்தகமும் ஒரு தவளைப் புத்தகமும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி வருடக்கணக்கில் நின்றன. அதுவும் காட்டில் இருக்கும்வரைதான். வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் எண் மாறிவிடும். தோட்டப் பூ 635.9, தொட்டியில் வளர்ப்பது 639.3. இரண்டும் விவசாயத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும், மாட்டுக்கும் கோழிக்கும் பக்கத்தில். சரி, அடுத்தது பாதுகாப்பு நிலை. சேமியாவின் இனம் மிக ஆபத்தான நிலை. மெக்சிகோவில் ஒரு பழைய ஏரியின் மிச்சமாக இருக்கும் கால்வாய்களில் கொஞ்சம் இருக்கலாம். அதுதான் உலகம் முழுவதற்கும். புனிதாவின் செடி அதற்கும் மேல் ஒரு படி. காட்டில் அற்றுப்போனது. மனிதன் நட்டுவைத்த இடத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது. அதன் காயைத் தின்று விதையைக் கொண்டுபோன ஏதோ பெரிய மிருகம் எப்போதோ செத்துப்போயிருக்கலாம் என்கிறார்கள், அதன்பிறகு தானாக முளைக்கவே இல்லை. அப்படியானால் ஐஸ் செடிக்குத்தான் போகவேண்டும். ஆனால் கோத்தகிரியில் ஆடு நுழையாமலிருக்க அதைத்தான் வேலியாக வைத்திருக்கிறார்கள். குச்சியை ஒடித்து நட்டால் வருகிறது. அப்படியானால் சேமியாவுக்கு. ஆனால் சேமியாவைப் போல லட்சக்கணக்கில் உலகமெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் இருக்கின்றன, கொளத்தூர் மீன்கடையில் பாலிதீன் பையில் தொங்கவிட்டு விற்கிறான். அழிந்துகொண்டிருக்கும் ஒன்றை ரப்பர் பேண்ட் போட்டுத் தருகிறான். அந்தப் பட்டியல் போடுகிறவர்கள் வீட்டில் இருப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே பட்டியலின்படி இந்தத் தொட்டியில் இருப்பதும் இல்லை, அந்தத் தொட்டியில் இருப்பதும் இல்லை. இல்லாத ஒன்று வாலை வளைத்துக்கொண்டு என் முன்னால் கிடக்கிறது. வளைந்துதான் இருக்கிறது, இப்போது சந்தேகமில்லை. பால் கவருக்குள் ஐஸ் தண்ணீராகிவிட்டது. இருபத்துநான்கரை.

சனியன், புருஷன் வீட்டைவிட்டு வரும்போது ஆதிரை ஏன் இதை எடுத்துக்கொண்டு வந்தாள். நகையைக் கேட்கவில்லை, நாங்கள் வாங்கிக்கொடுத்த கட்டிலைக் கேட்கவில்லை. ஒரு பெட்டி, மடியில் ஒரு மூடிபோட்ட பக்கெட், அதற்குள் இது. ஓலாக்காரன் தண்ணீர் சிந்தும் என்று சண்டைபோட்டானாம். கல்யாணமான புதிதில் மருமகன் தீபன்தான் இதை வாங்கினான். எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டபோது தொட்டியின் முன் நிற்கவைத்து, "காலை வெட்டினாலும் மறுபடி முளைச்சிரும் மாமா" என்றான், சிரித்துக்கொண்டு, தானே கண்டுபிடித்ததுபோல. நல்ல பையன்தான் என்று நினைத்தேன். இப்போதும் அந்த வார்த்தை என் வாயில் முதலில் வந்து நிற்கிறது. குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான். பேசமாட்டான். ஏதாவது ஒன்றில் முகம் சுருங்கினால் வாரக்கணக்கில் அவளோடு பேசமாட்டான். ஆனால் வீட்டில் சொல்லவேண்டியது எதையும் விடவும்மாட்டான். அவள் பக்கத்தில் நிற்கும்போதே தொட்டியின் முன் உட்கார்ந்து, "சேமியா, குழம்புல உப்பு இல்லன்னு சொல்லு" என்பானாம். "சேமியா, நாளைக்கு என் அம்மா வர்றாங்கன்னு சொல்லு." "சேமியா, ராத்திரி லைட்டை அணைக்கச் சொல்லு." முதலில் அவள் சிரித்திருக்கிறாள், விளையாட்டு என்று. ஒரு மழைக்காலம் முழுக்க அவன் குரல் அவளுக்கு அந்தத் தொட்டி வழியாகத்தான் கேட்டது. அவள் இதைச் சொன்னபோது நான் என்ன செய்தேன் என்றால், அவன் வேலையில் என்ன நெருக்கடியோ என்றேன். காலையில்கூட, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கேட்டாள். "இன்னிக்கும் ரெண்டு காலம் போட்டாச்சாப்பா? இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன்?" நான் எதையும் நடுவில் கோடு போட்டு இரண்டு பத்தியாக எழுதி எடைபோடுகிறவன் என்கிற கிண்டல்தான். புனிதா சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு காதில் விழாததுபோல் இருந்தாள். ஏன் இதை எடுத்துவந்தாய் என்று முன்பு ஒருதரம் கேட்டிருக்கிறேன். "இது இல்லன்னா அவன் நேரா எங்கிட்ட பேசித்தானே ஆகணும். பேசுறானான்னு பாத்தேன்" என்றாள். பிறகு, "பேசலப்பா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அதுவும் பாவம், எல்லாத்தையும் கேட்டிருக்கு" என்று தொட்டியைத் துடைக்கப் போய்விட்டாள். 306.89, பிரிதலும் விவாகரத்தும். குடும்பம் என்ற எண்ணுக்குள் ஒரு தசமம். வேறு எண் கொடுத்து வேறு அலமாரிக்கு அனுப்பிவிட முடியாது. அது எப்போதும் அதற்குள்ளேயேதான் இருக்கும். பரஸ்பர சம்மதம், ஆறுமாதம் முடிந்துவிட்டது, இன்று இருவரும் வந்து ஆமாம் என்று சொன்னால் தீர்ந்தது. ஒருவர் இல்லை என்றாலும் மறுபடி முதலிலிருந்து.

இன்வெர்டர் கத்த ஆரம்பித்தது. விட்டுவிட்டு ஒரு கீச்சு. பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி எத்தனை மாதமாயிற்று, அதுவும் என் வேலைதான். கீச்சு, கீச்சு, விசிறி மெல்ல மெல்ல இறக்கை தெரியச் சுற்றி நின்றது. நின்றதும் வெக்கை ஆள்போல வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. தண்ணீரின் மேல் சேமியா ஒருமுறை எழும்பி வந்து, வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டுக் கோணலாக இறங்கியது. செவுள்கள் முன்னால் மடங்குகின்றன. காற்றில்லாத தெருவில் கொடி மடங்குவதுபோல. விசிறிமட்டையாகப் பேப்பரையே எடுத்து வீசினேன். நேற்றைய பேப்பர். கங்கையம்மன் கோயில் தெரு என்று போட்ட அதே பக்கமாக இருக்கலாம். ஒரு சாலமாண்டருக்கு விசிறிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சமயத்தில் போன். புனிதா, இப்போதுதான் போனைப் போட்டிருக்கிறாள். "என்னங்க, இன்னும் கூப்பிடல. சாப்பாட்டுக்கு அப்புறம்தானாம். மாப்பிள்ளை வந்திருக்காரு." "ம்." "ரொம்ப இளைச்சிட்டாரு. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு." நான் விசிறிக்கொண்டே இருந்தேன். "இன்னொரு ஆறு மாசம் பாக்கலாமேங்கறாரு. ஆதிரைகிட்ட சொல்லுங்க அத்தைன்னு எங்கிட்ட சொல்றாரு. நான் சொன்னா இவ மூஞ்சியத் திருப்பிக்குவா. நீங்க சொல்லுங்க, நீங்கன்னா பொறுமையா சொல்வீங்க." "அவன் எங்க இருக்கான்?" "எதிர் பெஞ்சுலதான்." "ஆதி?" "எம் பக்கத்துல." பேப்பர் கையில் நின்றுவிட்டது. எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன், எட்டிக் கையை நீட்டினால் தொட்டுவிடக் கூடியவளிடம் சொல்வதற்கு, இவளிடம் சொல்கிறான். இவள் ஊரின் இந்தக் கோடியில் நான்காவது மாடியில் இருக்கும் என்னிடம் சொல்கிறாள். நான் திரும்ப அங்கே பக்கத்திலேயே இருக்கிற அவளிடம் சொல்லவேண்டும். சேமியா, உப்பு இல்லன்னு சொல்லு. சேமியா, ஆறு மாசம் ஆகட்டும்னு சொல்லு. பொறுமையாகச் சொல்வேனாம். தண்ணீருக்கடியில் வாய் திறக்காமல் இருந்துகொண்டு, இரண்டு பக்கமும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு. "போனை அவகிட்ட குடு" என்றேன்.

"அப்பா." பின்னால் கோர்ட்டு வராந்தாவின் இரைச்சல், யார் பெயரையோ நீட்டிக் கூப்பிடுகிறார்கள். அவள் என்னைப் பேசவிடவில்லை. "கரண்ட் இருக்குல்ல?" இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அவளுக்கு இன்று இருப்பது போதும். சாயங்காலம் வந்து பார்த்துக்கொள்ளட்டும், அதற்குள் வந்தாலும் வந்துவிடும். "இல்லம்மா" என்றேன். "எப்போ போச்சு?" "நீங்க கிளம்பின உடனே." "தண்ணி?" குனிந்து பார்த்தேன். "இருபத்தஞ்சு." நிமிராமலே, "பாட்டில் வைக்கறேன்னு சொன்ன, நான்தான் வேணாம்னேன்" என்றேன். "விரிவுதாம்ப்பா நம்ம தெரு, ஆனா கரண்டுக்கு அது தெரியாதே" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். "ஐஸ் இருக்கா?" "ஒரு தட்டு இருந்தது. பாதி போட்டேன்." "மீதி?" "அம்மா செடிக்கு." மூச்சுவிடுவது கேட்டது. சிரிப்பா என்று தெரியவில்லை. "அதானே" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா உங்ககிட்ட என்ன சொல்லச் சொன்னாங்க? சொல்லிடுங்க. கேட்டுக்கறேன்." சொல்வதற்கு என்னிடம் எல்லாம் தயாராகவே இருந்தது. அதுதான் வெறுப்பாக இருக்கிறது. அவசரப்படாதே, அதேசமயம் கஷ்டப்படவும் வேண்டாம், உனக்கு எது சரியென்று படுகிறதோ. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒன்று, கோடு போட்டு. தொட்டியில் செவுள்கள் முழுதாக முன்னால் விழுந்துவிட்டன. "உனக்கு எது சரின்னு..." என்று ஆரம்பித்தேன். "அதுவும் ரெண்டு காலம்தாம்ப்பா" என்றாள். உண்மைதான். "அவன் எங்கிட்டயும் சொல்ல வேணாம், உங்கம்மாகிட்டயும் சொல்ல வேணாம். எதிர்லதானே உக்காந்திருக்கான்" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "நீ முடிச்சுட்டு வா. ஆமாம்னு சொல்லிட்டு வா." "சரிப்பா" என்றாள். அவள் வைப்பதற்குள், "வர்ற வழியில ஐஸ் வாங்கிட்டு வா. நிறைய" என்றேன்.

பால்கனிக்குப் போனேன். செடி வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லா இலையும் ஈரத்துணி மாதிரி. மொட்டு மட்டும் எப்படியோ இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. நிழலில் மண்ணின் மேல் நான் வைத்த ஐஸ் இன்னும் முழுதாகக் கரையவில்லை, கூழாங்கல் அளவில் மண் ஒட்டிக் கிடந்தது. அவற்றைப் பொறுக்கினேன். செடியிடமிருந்து எடுக்கிறோம் என்று தோன்றி, குனிந்தவாறே ஒரு கணம் நின்றேன். காட்டில் அற்றுப்போனது. சரி, அற்றுப்போனது. கட்டிகளைக் கழுவக்கூட நேரமில்லை, அப்படியே ஒரு பால் கவரில் போட்டுக் கட்டினேன். ஃப்ரீசரைத் திறந்து இஞ்சி பூண்டுத் தட்டையும் எடுத்தேன். அதைக் கவிழ்த்துத் தட்டியபோது வந்த வாசனையில் எனக்குச் சாப்பிடவில்லை என்று ஞாபகம் வந்தது. ஒரு கவருக்குள் இன்னொரு கவர், அதற்குள் இன்னொன்று, மூன்று ரப்பர் பேண்ட். இது ஒழுகினால் முடிந்தது, சேமியா இஞ்சி பூண்டு சேமியாவாகிவிடும் என்று ஒரு நினைப்பு வந்து, சிரிப்பு வராமல், கவரைத் தலைகீழாகப் பிடித்துக் காகிதத்தின் மேல் அழுத்திப் பார்த்தேன். ஒழுகவில்லை. அவளை எத்தனை கிண்டல் செய்திருக்கிறேன், இந்தக் கவர்களுக்காக. எல்லாவற்றையும் தொட்டியில் இறக்கினேன், ஒரே பக்கமாக, சேமியா கிடக்கும் மூலைக்கு நேர்மேலே. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விசிற ஆரம்பித்தேன். கை வலித்தால் மாற்றிக்கொண்டேன். எதையும் ஒப்பிடாமல் விசிறுவது கடினமாகத்தான் இருந்தது. எதிர்க் கட்டிடத்து ஜெனரேட்டரை நினைத்தேன், உடனே அந்த நினைப்பை நிறுத்தினேன். இந்த ஜீவன் கடைசிவரை குட்டியாகவே இருக்கும் என்றாள் ஆதிரை ஒருநாள். வயதாகும், முட்டையிடும், ஆனால் செவுளை விடாது, கரையேறாது. வெட்டிய கால் முளைக்கும் என்பது உண்மையாகவே இருக்கலாம். முளைக்கும் என்பதற்காக வெட்டிப் பார்க்கிறவனைப் பற்றி அன்றே நான் ஏதாவது யோசித்திருக்கவேண்டும். இருபத்துநான்கரை. பேப்பர் நைந்துவிட்டது, வேறு பக்கம் எடுத்தேன். இருபத்துநான்கு. ஒரு செவுள் பின்னால் போனது. ஒன்று மட்டும். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்ததும் போனது. வால் அப்படியேதான் இருந்தது.

மின்சாரம் வந்தபோது எல்லாம் ஒன்றாகக் கத்தின. ஃப்ரிட்ஜ் உதறிக்கொண்டது, ஏசி பீப் என்றது, விசிறி என் முகத்தில் பேப்பரை அடித்தது, கீழே மோட்டார். ஏசியைப் பதினெட்டில் வைத்தேன். கவர்களை எடுத்தேன், ஒழுகவில்லை. ஐஸ்தட்டில் தண்ணீர் பிடித்து ஃப்ரீசரில் வைத்தேன், அதன்பிறகு பாட்டில்களையும், இடம் இருந்தவரை. பிறகுதான் பால்கனிக்குப் போனேன். மொட்டு தரையில் கிடந்தது. காம்பு முனையில் கொஞ்சம் ஈரம். எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. நான் ஐஸைப் பொறுக்கும்போது கை பட்டிருக்கலாம், வெயிலாக இருக்கலாம், இந்த ஊரில் எப்படியும் விழத்தான் விழுந்திருக்கும் என்று நர்சரிக்காரன் சொல்வான். அந்தச் சாக்கை நான் சொல்லப்போவதில்லை. அதை எடுத்தேன். எடையே இல்லை. குப்பைக்கூடையில் போட்டால் நாளைக் காலையில்தான் தெரியும், இலைகளுக்கு நடுவில் செருகிவைத்தால் இரண்டு நாள் தாங்கும். சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தேன், உள்ளே வந்ததும் கண்ணில் படுகிற இடத்தில். பக்கத்தில் காலி இஞ்சி பூண்டுத் தட்டு. கையைக் கழுவினேன், விஷம். லிஃப்ட் கிளம்பும் சத்தம் கேட்டது. நான்காவது மாடியில் நின்றது. கதவுக்கு வெளியே பாலிதீன் பையில் ஐஸ் கட்டிகள் உரசிக்கொள்ளும் சத்தம், நிறைய, அதற்குப் பின்னால் புனிதாவின் செருப்பு. ஆதிரை என்னைத் தாண்டி நேராக அறைக்குத்தான் போவாள். அங்கே அவளுக்கு நான் வேண்டாம், சேமியா போதும். நான் மேசையருகில் வந்து, மொட்டு கிடந்த பக்கமாக நின்றுகொண்டேன்.